எல்லோரும் ஒரே கட்சி

பலகை விளையாட்டு என்றதும் நம் மனத்தில் முதலில் எழுவது எதிரெதிராக அமர்ந்த இருவர். தாயத்தில் ஒருவர் காய் பழம் ஏறும் தறுவாயில் இன்னொருவர் வெட்டுவார். வெட்டுப்பட்ட காய் மறுபடி தொடக்கத்திலிருந்து நடக்கும். பரமபதத்தில் வெட்டு இல்லை என்றாலும் முந்துவதும் பிந்துவதும் உண்டு. ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும்போது யார் முதலில் மேலே போய்ச் சேர்கிறார் என்பதுதான் கேள்வி. நான்கு பேர் தாயம் ஆடுகையில் எதிரெதிர்க் கைகள் இரண்டும் ஒரு கட்சியாகச் சேர்வதும் வழக்கம். ஆனால் அந்தக் கூட்டுக்கும் எதிரே இன்னொரு கூட்டு இருந்தாக வேண்டும். ஒருவர் வெல்ல ஒருவர் தோற்க வேண்டும் என்ற ஏற்பாட்டை இந்த விளையாட்டுகள் எதுவும் மீறுவதில்லை.

ஆடு புலி ஆட்டம் இந்த வரிசையில் சற்று விலகி நிற்கிறது. கோயில் மண்டபத் தரைகளிலும் பாறைகளிலும் கீறப்பட்ட அந்தக் கட்டத்தில் இருபத்து மூன்று புள்ளிகள்; மூன்று புலிகள்; பதினைந்து ஆடுகள். ஓர் ஆடு தனியாக நின்றால் புலிக்கு இரை. அதன் பின்னாலுள்ள புள்ளியில் இன்னோர் ஆடு நின்றால் புலியால் தாண்ட முடியாது. ஒன்றுக்கொன்று முதுகு கொடுத்து நிற்பதே ஆடுகளின் ஒரே ஆயுதம். கூட்டுறவை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறொரு கட்டத்தை நான் பார்த்ததில்லை. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பதினைந்து ஆடுகளுக்கும் சேர்த்து யோசிப்பது ஒரே தலை. எந்த ஆடும் மற்றோர் ஆட்டிடம் உதவி கேட்பதில்லை. எந்த ஆடும் மறுப்பதுமில்லை. அந்த ஆடுகளை ஆளுக்குச் சிலவாக நான்கு பேரிடம் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? கூட்டுப் பலகை ஆட்டம் எழுப்புவது இந்தக் கேள்வியைத்தான்.

கூட்டுப் பலகை ஆட்டத்தில் அமர்ந்திருக்கும் எல்லோரும் ஒரே கட்சி. வென்றால் அனைவரும் வெல்வார்கள், தோற்றால் அனைவரும் தோற்பார்கள். கனடாவைச் சேர்ந்த ஜிம் டீகோவ் 1972-இல் ஃபேமிலி பாஸ்டைம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி இத்தகைய விளையாட்டுகளையே செய்து விற்றார். ரைனர் க்னிட்சியா 2000-இல் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையை ஒரு கூட்டு ஆட்டமாக்கினார். 2008-இல் மேட் லீகாக்கின் 'பாண்டமிக்' வந்தபின் இது தனித்த ஒரு வகையாகவே வளர்ந்துவிட்டது. அந்த வளர்ச்சியில் எனக்கு மிகவும் உகந்ததாகத் தோன்றும் ஒன்றை, ஆர். எரிக் ரியூஸ் வடிவமைத்து 2017-இல் வெளியான 'ஸ்பிரிட் ஐலண்ட்' என்ற ஆட்டத்தை, இந்தக் கோடையில் சங்கரன்கோவிலில் முதன்முறையாக ஆடினோம். கைத்தறிச் சேலை வியாபாரம் செய்யும் அண்ணாச்சி, கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன், நான் என நால்வர். பெட்டியை வாங்கி வந்தவள் மகள்.

ஆட்டத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கடல் நடுவே ஒரு தீவு. காடு, மலை, மணல், சதுப்பு என அதன் நிலங்கள் நான்கு வகை. திணை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் அயன்மை எதுவும் தோன்றாது. தீவில் தஹான் என்னும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களோடு நிலத்திலும் நீரிலும் உறையும் சக்திகளும் வாழ்கின்றன. இச்சக்திகளை ஆவி என்றால் பேய் நினைவு வந்துவிடும். சங்க நூல்களில் மலையிலும் நீர்த்துறையிலும் உறைவதாகச் சொல்லப்படும் அணங்குதான் நெருங்கிய சொல், அதையே இங்கு ஆள்கிறேன். கப்பலில் வந்திறங்கும் குடியேறிகள் ஊர் கட்டி, நகரம் எழுப்பி, நிலத்தைச் சூறையாடுகிறார்கள். ஆடும் ஒவ்வொருவரும் ஓர் அணங்கு. அண்ணாச்சி மின்னல், மகள் ஆறு, மகன் நிழல், நான் நிலம்.

புதிய தீவில் இறங்கி, வளங்களை எடுத்து, சாலையும் ஊரும் அமைத்து முன்னேறுவதை வெற்றி என்று கொள்ளும் பலகை விளையாட்டுகள் ஐரோப்பாவில் ஏராளம். 1995-இல் வெளியாகி உலகெங்கும் பரவிய 'கட்டான்' அவற்றில் பெயர்பெற்றது. அந்தத் தீவில் முன்பே யார் இருந்தார்கள் என்ற கேள்வி அங்கு எழுவதில்லை. ரியூஸ் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிப் பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். காய்களின் பொருளிலும் இந்த எண்ணம் தெரிகிறது: குடியேறிகளும் அவர்கள் விளைவிக்கும் நிலக்கேடும் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை, தஹானின் குடிசைகளும் அணங்குகளின் இருப்பைக் குறிக்கும் வட்டுகளும் மரத்தில் கடைந்தவை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எது தீவுக்கு உரியது, எது வந்து சேர்ந்தது என்று விரல் சொல்லிவிடும்.

இனி, எதிரே ஆள் இல்லாத ஆட்டத்தில் எதிரி யார்? ஒரு சீட்டுக்கட்டு. அதில் பன்னிரண்டு சீட்டுகள். ஒரு சுற்றில் காட்டைக் காட்டும் சீட்டு வந்தால், கரையோரத்திலோ ஓர் ஊருக்கோ நகரத்துக்கோ அருகிலோ இருக்கும் காடுகளில் குடியேறிகளின் முன்னோடிகள் நுழைகிறார்கள். அடுத்த சுற்றில் அதே சீட்டு ஓரிடம் நகர்ந்து, அந்தக் காடுகளில் ஊரோ நகரமோ எழுகிறது. அதற்கடுத்த சுற்றில் அது மேலும் ஓரிடம் நகர்கிறது. அந்தக் காடுகள் சூறையாடப்படுகின்றன. நுழைவு, கட்டுமானம், சூறை என மூன்று படிகள். எந்த நேரத்திலும் பலகையோரத்தில் சீட்டுகள் வரிசையாகக் கிடப்பதால், இந்தச் சுற்றில் எங்கே சூறை, அடுத்த சுற்றில் எங்கே சூறை என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். புதிதாக எங்கே நுழைவார்கள் என்பது மட்டும் தெரியாது. கட்டின் அடியை நெருங்க நெருங்க ஒரே சீட்டு இரண்டு வகை நிலங்களைச் சேர்த்துக் காட்டத் தொடங்கும். கட்டு தீர்ந்துபோனால் தீவு போயிற்று.

பகடை உருட்டும் விளையாட்டில் வரப்போவது தெரியாது; ஆகவே அங்கு யோசனைக்கு எல்லை உண்டு. இங்கு துன்பம் இரண்டு சுற்றுக்கு முன்பே தேதி குறித்துவிட்டு வருகிறது. அதைத் தடுக்கவும் நேரம் இருக்கிறது. முதல் அரை மணி நேரத்தில் எங்களைத் திணறடித்தது இதுதான். அறியாமை கொடுக்கும் சலுகை இங்கே கிடையாது.

தெரிந்திருந்தும் தடுப்பது ஏன் கடினம் என்றால், அணங்குகளின் ஆற்றல்கள் இரண்டு வகை. விரைவு ஆற்றல்கள் சூறைக்கு முன் செயல்படும். மெதுவான ஆற்றல்கள் சூறையும் கட்டுமானமும் நுழைவும் முடிந்தபின்தான் செயல்படும். எல்லோரும் சீட்டுகளைச் சுற்றின் தொடக்கத்திலேயே தேர்ந்து, அதற்கான சக்தியைச் செலவழித்து வைத்துவிட வேண்டும். ஆகவே மெதுவான ஆற்றலை ஆள்பவர், இன்றைய தீயை அணைப்பதை விட்டுவிட்டு நாளைய தீ எங்கே பற்றும் என்று பார்த்து அங்கே நீர் கொண்டுபோக வேண்டும்.

ஒரே ஒரு நிலத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் மூன்றாம் சுற்றில் ஒரு சதுப்பு நிலத்தில் ஓர் ஊர், ஒரு முன்னோடி, இரண்டு தஹான் குடிசைகள். அந்தச் சுற்றில் சதுப்புக்குச் சூறை. ஊர் தரும் சேதம் 2, முன்னோடியின் சேதம் 1, ஆக 3. நிலத்துக்கு இரண்டோ அதற்கு மேலோ சேதம் விழுந்தால் அங்கே கேடு படியும். அங்குள்ள அணங்கின் இருப்பு வட்டு ஒன்றும் அழியும். அதே 3 சேதம் தஹான் மீதும் விழும். ஒரு குடிசையின் தாங்கும் அளவு 2; ஆகவே ஒன்று அழியும், மற்றது அடிபட்டு நிற்கும். எஞ்சிய குடிசை திருப்பி அடிக்கும் அடி 2. அது ஊரை வீழ்த்தலாம், ஆனால் முன்னோடி நின்றுவிடுவான். இது யாரும் தலையிடாவிட்டால் நடப்பது.

இனி நிலம் என்னும் அணங்கைப் பாருங்கள். தன் வட்டுகள் இரண்டாவது குவிந்து கிடக்கும் இடம் அதற்குப் புனிதத் தலம். அங்கெல்லாம் அது தானாகவே 3 சேதத்தைத் தாங்கிக்கொள்ளும். சூறைக்கு முன்பே நான் அந்தச் சதுப்பில் இரண்டாவது வட்டை வைத்திருந்தேன். இப்போது 3-இல் 3 போக மீதி சுழியம். கேடு படியவில்லை, வட்டு அழியவில்லை, இரண்டு குடிசைகளும் முழுமையாக நிற்கின்றன. இரண்டும் திருப்பி அடிக்கும் அடி 4. ஊருக்கு 2, முன்னோடிக்கு 1, இரண்டும் போயின. ஊர் அழிந்ததால் குடியேறிகளிடம் அச்சம் ஒன்று கூடியது. நிலம் ஒருவரையும் தாக்கவில்லை. அது தாங்கியது, அடித்தவர்கள் மக்கள்.

ஆறு வேறு விதம். அதன் கையிலுள்ள ஒரு சீட்டு, ஒரு நிலத்திலுள்ள ஊர்களிலும் முன்னோடிகளிலும் மூன்று வரை பக்கத்து நிலங்களுக்கு அடித்துக்கொண்டு போகும். சூறைக்குரிய நிலத்தில் குடியேறிகளே இல்லாமல் செய்துவிட்டால் அங்கே சூறையும் இல்லை. ஆனால் அது மெதுவான ஆற்றல். சூறை முடிந்தபின் வெள்ளம் வந்து என்ன பயன்? அடுத்த சுற்றில் வேறொரு நிலத்துக்கு இந்த நிலை வந்தபோது மகள் தன் தந்தையிடம் கேட்டாள்: "அப்பா, அந்த நெலத்த நான் பாத்துக்கிடுதேன். ஒங்க மின்னல மட்டும் எனக்குத் தாங்க." மின்னலிடம் ஒரு சீட்டு உண்டு: வேறோர் அணங்கின் இரண்டு ஆற்றல்கள் வரை அந்தச் சுற்றில் விரைவாகச் செயல்படும்படி அது வரம் அளிக்கும். அண்ணாச்சி அந்தச் சீட்டைத் தனக்கே பயன்படும் வேறொரு சீட்டுக்காகக் கைவிட நினைத்திருந்தார். சற்று யோசித்துவிட்டு வைத்தார். வெள்ளம் சூறைக்கு முன்பே வந்தது.

இந்த இடத்தில்தான், கூட்டுப் பலகை ஆட்டத்தின் உண்மையான ஆடுகளம் எது என்பது எனக்குத் தெளிந்தது. பலகையில் நகர்பவை காய்கள். ஆட்டம் நடப்பது பேச்சில். யார் யாரிடம் எதைக் கேட்கிறார், எப்படிக் கேட்கிறார், கேட்கப்பட்டவர் மறுக்க இடமிருக்கிறதா என்பவையே ஆட்டத்தின் தரத்தை முடிவு செய்கின்றன. மகள் கேட்டது ஓர் உதவி. தன் பங்கு இன்னது என்று முதலில் சொன்னாள். குறைவது இன்னது என்று பிறகு சொன்னாள். கொடுப்பதா வேண்டாமா என்பதைத் தந்தையிடம் விட்டாள். இதையே "அப்பா, நீங்க இந்தச் சீட்டப் போடுங்க" என்று சொல்லியிருந்தாலும் பலகையில் விளைவு ஒன்றுதான். ஆனால் அப்போது ஆடியவர் ஒருவர், கை கொடுத்தவர் ஒருவர் என்று ஆகியிருக்கும்.

இந்த வகை ஆட்டங்களின் நாட்பட்ட நோய் இதுதான். விதிகளை நன்றாகக் கற்றவர் ஒருவர் எல்லோர் கையையும் தம் கையாகக் கொண்டு நடத்தத் தொடங்குவார். நல்ல எண்ணத்தோடுதான் செய்வார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் மற்ற மூவரும் காய் நகர்த்தும் கைகளாகச் சுருங்கிவிடுவார்கள். அந்தக் கணத்தில் நாம் ஆடு புலி ஆட்டத்துக்கே திரும்பிவிடுகிறோம்: பதினைந்து ஆடுகள், ஒரு தலை. 'பாண்டமிக்' போல எல்லோர் சீட்டையும் எல்லோரும் பார்க்க இயலும் ஆட்டங்களில் இந்த நோய் எளிதில் பற்றும். வீட்டில் மூத்தவர் பேச இளையவர் கேட்கும் பழக்கமுள்ள நம் குடும்பங்களில் இது இன்னும் வேகமாகப் பற்றும் என்பது என் எண்ணம்.

வடிவமைப்பாளர்கள் இதற்குப் பல மருந்துகள் தேடியிருக்கிறார்கள். அந்துவான் போசாவின் 'ஹனாபி'யில் உங்கள் சீட்டின் முகம் பிறருக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அவர்களும் எண்ணி எண்ணித்தான் குறிப்புச் சொல்ல முடியும். 2013-இல் ஜெர்மனியின் ஆண்டுச் சிறந்த விளையாட்டு விருதை அது பெற்றது. 2017-இல் வெளியான ஐசக் சில்ட்ரஸின் 'குளூம்ஹேவன்' என்னும் மாய உலக ஆட்டத்தில் யார் முன்னே செயல்படுவார் என்பதைக் காட்டும் எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. "நான் கொஞ்சம் சீக்கிரம் போவேன்" என்கிற அளவில் பேசிக்கொள்ளலாம். இவை பேச்சுக்குப் பூட்டுப் போடும் வழிகள். பயன் உண்டு; ஆனால் விதியை மீறாதபடி நாக்கைக் காத்துக்கொண்டிருப்பதே ஒரு வேலையாகிவிடுகிறது.

ரியூஸ் பேச்சைப் பூட்டவில்லை. எதையும் யாரிடமும் சொல்லலாம். ஆனால் ஒவ்வோர் அணங்கும் தனக்கென்று வேறான சீட்டுகள், வேறான வளர்ச்சி வழி, வேறான கால நடை கொண்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் யோசிக்கிறார்கள். நான்கு அணங்குகளின் கணக்கையும் ஒரு தலை சுமப்பது அரிது. ஆகவே பேச்சு இயல்பாகவே இரண்டு வடிவங்களுக்குள் வந்து நிற்கிறது: "இந்த நிலம் என் பொறுப்பு", "அந்த நிலத்தில் எனக்கு உதவி வேண்டும்." தடையால் வரும் அடக்கத்தைக் காட்டிலும் அறிவின் எல்லையால் வரும் இந்த அடக்கம் எனக்கு மதிப்புடையதாகத் தெரிகிறது. எங்கள் மேசையில் இளையவனான நிழல்தான் தஹான் இருக்கும் எந்தத் தொலைநிலத்துக்கும் ஒரு சக்தி கூடச் செலவழித்துப் போய்ச்சேர முடிந்தவன்; ஆகையால் மூன்று பெரியவர்களும் அவனைக் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. அவன் எங்களுக்கு விளக்கிச் சொன்ன பாங்கில் இருந்த பொறுமையைக் குறிப்பிடாமல் விட எனக்கு மனமில்லை.

இன்னொரு அடுக்கும் உண்டு. அது அச்சம் பற்றியது. ஆட்டத்தின் தொடக்கத்தில் வெற்றி என்றால் தீவில் ஒரு குடியேறிகூட மிஞ்சக் கூடாது. ஊர்களையும் நகரங்களையும் அழிப்பதாலும் சில சீட்டுகளாலும் அச்சம் பெருகும். அது ஓர் எல்லையைக் கடந்தால் ஊரும் நகரமும் இல்லாதிருந்தாலே போதும். இன்னும் கடந்தால் நகரம் இல்லாதிருந்தாலே போதும். முற்றிலும் நிறைந்தால், தீவு முழுக்கக் குடியேறிகள் நின்றாலும் அவர்களே கப்பலேறிவிடுவார்கள். ஆகவே ஒவ்வொருவரையும் கொன்று தீர்ப்பது வெற்றியின் இலக்கணம் அன்று. இந்த இடம் இனி வாழத் தக்கதன்று என்று வந்தவர்கள் உணர்வதே இலக்கணம்.

முதல் ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். கேடு தீவைக் கவ்விக்கொண்டது. தாயத்தில் தோற்ற கட்சி தனியாகத்தான் தோற்கும். வென்றவருக்கு அந்தத் தோல்வியை ஆராய வேண்டிய தேவையில்லை. இங்கே நால்வரும் குனிந்து, காய்களைப் பெட்டியில் எடுத்துவைக்காமல், ஐந்தாம் சுற்றுக்குப் பலகையைத் திரும்ப அடுக்கிப் பார்த்தோம். மலைச்சீட்டு வந்த சுற்றில் மின்னலும் நிழலும் ஒரே நகரத்தைத் தாக்கியதால் பக்கத்து மலை காவலின்றி விடப்பட்டது என்று கண்டுபிடித்தோம். இருவரும் ஒருவர்க்கொருவர் சொல்லாமல் உதவ முனைந்ததன் விளைவு அது.

இவ்வளவும் சொன்னபின், சங்கரன்கோவிலில் அமர்ந்து இதை ஆடியவன் என்ற முறையில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இவ்வூருக்கு மேற்கே நெற்கட்டும்செவல். கப்பம் கேட்டு 1755-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் படையோடு வந்தபோது கொடுக்காமல் திருப்பி அனுப்பிய பூலித்தேவரின் ஊர் அது. மேற்குப் பாளையங்களை ஓரணியில் சேர்த்து ஆர்க்காட்டு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்தவர் அவர். 1761-இல் கம்பெனித் தளபதி யூசுப்கானின் படையிடம் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் பனையூரும் விழுந்தன. பிடிபட்ட பூலித்தேவர் சங்கரநாராயணரை வணங்க அனுமதி கேட்டுக் கோயிலுக்குள் சென்று மறைந்துவிட்டார் என்பது இவ்வூர் வழக்கு. கோயிலில் அவர் பெயரால் ஓர் அறையும் உண்டு. இந்த மண்ணில் வந்தேறிய அதிகாரத்தை எதிர்த்தவர்கள் மனிதர்கள். 'ஸ்பிரிட் ஐலண்டி'லோ முடிவெடுப்பவை அணங்குகள். தஹான் மக்கள் நகர்த்தப்படும் குடிசைகள். அடி கொடுப்பது அவர்கள்தான் என்றாலும், எப்போது, எங்கே என்று தீர்மானிக்கும் வாய் அவர்களுக்கு இல்லை. 'பிராஞ்ச் அண்ட் க்ளா' என்ற துணைப்பெட்டியின் நிகழ்வுச் சீட்டுகளில் தஹான் தாமாகச் செயல்படும் இடங்கள் வருகின்றன. அது இந்தக் குறையை ஓரளவு குறைக்கிறது.

இந்த ஆட்டம் ஒன்றை முன்முடிவாகக் கொண்டுள்ளது: நால்வரும் கடைசி வரை ஒரே கட்சியாக இருப்பார்கள். பூலித்தேவர் காலத்தில் அந்த உறுதி யாருக்கும் கிடைக்கவில்லை. கிழக்குப் பாளையங்கள் அவருடைய அணியில் சேரவில்லை. திருவிதாங்கூரின் துணையும் நிலைத்திருக்கவில்லை. ஒவ்வொரு பாளையத்துக்கும் தன் கோட்டை, தன் கப்பம், தன் பழைய பகை. நெற்கட்டும்செவலை ஒருவரும் வாசுதேவநல்லூரை ஒருவரும் எட்டயபுரத்தை ஒருவரும் கையில் எடுத்து, பீரங்கி எந்தக் கோட்டை நோக்கி நகர்கிறது என்பதை இரண்டு சுற்றுக்கு முன்பே பார்த்துக்கொண்டு, யாருக்கு ஆள் அனுப்புவது, யாரை விட்டுவிடுவது, அணியில் இருப்பதா விலகுவதா என்று பேசி முடிவெடுக்கும் ஒரு பலகையை யாராவது நம் மொழியில் செய்ய வேண்டும். அதன் விதிகள் எப்படி இருக்கலாம் என்று மகளும் மகனும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். விலகியவர் மறுபடி சேர வந்தால் ஏற்க வேண்டுமா என்பதில் இருவருக்கும் இன்னும் கருத்து ஒத்துவரவில்லை.